வாடும் ஸ்ட்ராபெரி: மண்ணுக்கு மருந்திடுவதா, மண்ணையே விட்டு விலகுவதா?

கோலாலம்பூரில் வேலையும் குடும்பமும், கேமரன் மலையில் குத்தகைக்கு எடுத்த சிறு ஸ்ட்ராபெரித் தோட்டமும் என்று இரண்டு இடத்தில் கால் வைத்திருப்பவர்களுக்கு, நோய் பற்றிய செய்தி பெரும்பாலும் கைப்பேசிப் படமாகத்தான் வந்து சேரும். வரிசையின் நடுவே நாலைந்து செடிகளின் வெளியிலைகள் ஓரம் கருகித் தரையோடு படிந்திருக்க, நடுக்குருத்து மட்டும் இன்னும் பச்சையாக நிற்கும் படம் அது. கூடவே தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரின் கேள்வியும் வரும்: “அண்ணே, செடி வாடுது, என்ன மருந்து ஊத்தலாம்?” பூஞ்சை வாடல் நோயாக இருந்தால், வாடத் தொடங்கிவிட்ட செடியை எந்த மருந்தும் மீட்காது. பூஞ்சை வேர் வழியாக நீர்க்குழாய்களுக்குள் போய்விட்ட பிறகு, மேலே ஊற்றுவதும் தெளிப்பதும் பணத்தை மண்ணில் ஊற்றுவதாகவே முடியும். ஆகவே உண்மையில் முடிவெடுக்க வேண்டியது இந்த நடவைப் பற்றியல்ல, அடுத்த நடவைப் பற்றி. அதற்கு முன்னால் இருக்கும் வழிகளையும், நம் மலைக்கும் நம் கைப்பணத்துக்கும் அவற்றுள் எது பொருந்தும் என்பதையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். ஸ்ட்ராபெரியை வாட்டும் மண்வழிப் பூஞ்சைகளில் மூன்று முதன்மையானவை. வெர்டிசிலியம் டாலியே ஓரளவு குளிர்ந்த மண்ணை விரும்புவது. 21 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பெரிய கூட்டத்தில் ஸ்ட்ராபெரியை மட்டுமே நோயுறச் செய்யும் ஒரு வகை உண்டு. அதற்கு 25 முதல் 30 பாகை வரை உகந்தது. மேக்ரோபோமினா பேசியோலினா அதைவிடவும் சூட்டை விரும்பும். செடி தண்ணீருக்குத் தவிக்கும்போதும், உப்பு மிகும்போதும், காய்ச்சுமை ஏறும்போதும் அது தலை தூக்கும். கேமரன் மலையின் தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்களின் உயரத்தில் முதல் இரண்டையும் முதலில் சந்தேகிப்பதே முறை என்றாலும், பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நண்பகல் வெப்பம் வெளியைவிட நன்றாகவே ஏறிவிடுவதால் மூன்றாவதையும் ஒதுக்கிவிட முடியாது.

மூன்றும் மண்ணில் நீண்டகாலம் உயிர் வாழக்கூடியவை. வெர்டிசிலியம் விட்டுச் செல்லும் கண்ணுக்குத் தெரியாத கரிய உறக்க முடிச்சுகள் பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் காத்திருக்கும். ஒரு கிராம் மண்ணில் இரண்டோ மூன்றோ இருந்தாலே ஸ்ட்ராபெரி பெருமளவில் வாடப் போதுமானது. ஓர் ஆண்டு நிலத்தைச் சும்மா போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்காது.

வெளித்தோற்றத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பாதி வாடிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, கழுவி, இலைகள் கிளம்பும் குறுந்தண்டை நெடுக்காகக் கத்தியால் பிளந்து பார்ப்பது முதல் சோதனை. உள்ளே செம்பழுப்பு அல்லது ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் ஓடியிருந்தால் பியூசேரியம் அல்லது மேக்ரோபோமினாவாக இருக்க வாய்ப்பு அதிகம்; வெர்டிசிலியத்தில் நிறமாற்றம் பல நேரம் மெல்லியதாகவே இருக்கும், சிலவேளை தெரியவே தெரியாது. வேரை நீளவாக்கில் கீறினால் அதன் நடுநரம்பு சிவந்திருந்தால் அது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன். இந்தக் கத்திச் சோதனை திசையைக் காட்டுமே தவிரத் தீர்ப்புச் சொல்லாது. ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்தோ மரபணுச் சோதனை செய்தோதான் உறுதிப்படுத்த முடியும். தானா ராத்தாவில் உள்ள மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆய்வு நிலையம், வேளாண்மைத் துறை, செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் வேளாண் பிரிவு ஆகியவை விசாரித்துப் பார்க்கத் தக்க இடங்கள். மாதிரி எடுப்பவர்கள் முற்றும் காய்ந்த செடியை எடுத்துவிடுகிறார்கள். அதில் செத்த திசுவைத் தின்னும் வேறு பூஞ்சைகளே மிகுந்திருக்கும். பாதி வாடியதை, வேரும் வேரோடு ஒட்டிய மண்ணும் சேர, செய்தித்தாளில் சுற்றி எடுக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி, தாப்பா வழியாக இறங்கித் தலைநகர் வரும்வரை காரின் பின்பெட்டியில் வேகவிட்டால், ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவது வெறும் அழுகல்தான்.

இனி வழிகளுக்கு வருவோம். உலகெங்கும் பெரிய ஸ்ட்ராபெரிப் பண்ணைகள் அரை நூற்றாண்டுக் காலம் நம்பியிருந்தது மண்ணுக்குள் நச்சு வாயு செலுத்தும் முறையை. மெத்தில் புரோமைடும் குளோரோபிக்ரினும் கலந்த வாயு மண்ணிலிருந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் மெத்தில் புரோமைடு வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும் வயல் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. தொற்றுத்தடைக்காகச் சரக்குகளுக்குப் புகையூட்டுவது போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதன் பின் நடந்ததே நமக்குப் பாடம். கலிபோர்னியாவில் மெத்தில் புரோமைடு விடைபெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 2006-ஐ ஒட்டி, பியூசேரியம் வாடலும் மேக்ரோபோமினா அழுகலும் அடுத்தடுத்துத் தலைகாட்டின. வயல் முழுவதும் வாயு செலுத்தும் வழக்கம் குறைந்து, சொட்டுநீர்க் குழாய் வழியாகப் பாத்தியின் நடுவில் மட்டும் மருந்து செலுத்தும் வழக்கம் பரவியதில், பாத்தியின் ஓரங்கள் மருந்து படாமலே நின்றுவிட்டன. பூஞ்சை அங்கேயே தங்கி, அடுத்த பருவத்தில் உள்ளே வந்தது.

எஞ்சியிருக்கும் குளோரோபிக்ரின், மெட்டாம் சோடியம், டாசோமெட் போன்ற மண் நச்சுகளைக் கேமரன் மலையில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் எது எந்தப் பயிருக்குப் பதிவாகியிருக்கிறது என்பதைச் சரிபார்க்காமல் தொடவே கூடாது என்பது ஒருபுறம். குளோரோபிக்ரின் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு. படிப்படியாகச் சரிந்திறங்கும் பாத்திகளில், தொழிலாளர் குடிசைக்குப் பத்தடி தள்ளி அதைச் செலுத்துவதை நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. அதற்கும் மேலாக, சரிவு நிலத்தில் மேல்தோட்டத்து மண் ஒவ்வொரு பெருமழைக்கும் கீழ்த்தோட்டத்துக்கு இறங்கி வருகிறது. நாம் சுத்தம் செய்த மண்ணின் மீது பக்கத்துக்காரரின் பூஞ்சை வந்து படியுமானால், செய்த செலவு அசலை அடைக்காமல் வட்டி மட்டும் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மருந்தில்லாமல் மண்ணைச் சுத்தம் செய்யும் முறைகள் இரண்டு பேசப்படுகின்றன. நனைத்த மண்ணைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் நாலைந்து வாரம் மூடி வெயிலில் சுட வைப்பது ஒன்று. 1970-களில் இஸ்ரேலில் வளர்த்தெடுக்கப்பட்ட இம்முறைக்கு வேண்டியது மேகமற்ற வானமும் கொதிக்கும் வெயிலும். பிற்பகல் தோறும் மூடுபனியும் மழையும் இறங்கும் மலையில் அது பெயருக்குத்தான் நடக்கும். அதை விரைவாகவே தள்ளிவிடலாம்.

மற்றது சற்று நின்று பேச வேண்டியது, ஏனென்றால் இணையத்தில் இதைப் படித்துவிட்டு ஆசைப்படுபவர்கள் அதிகம். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே உருவாகி, பின்னர் கலிபோர்னியாவில் பரவிய இம்முறையில், மண்ணில் தவிடு கலந்து, நீர் நிறைத்து, காற்றுப் புகாத தாளால் மூன்று வாரம் மூடி வைக்கிறார்கள். தவிட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட, காற்றில்லா நிலையில் உண்டாகும் கரிம அமிலங்களும் பிற பொருள்களும் நோய்ப் பூஞ்சையைக் கொல்கின்றன. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 20 டன் தவிடு என்பது அங்கே வழக்கமான அளவு. செகிஞ்சானிலும் கெடாவிலும் அரிசி ஆலைகள் இருக்கும் நாட்டில் தவிடு கிடைக்காத பொருளல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெர்டிசிலியத்துக்கு எதிராக மிதமான மண்வெப்பத்திலும் இது நன்றாக வேலை செய்கிறது. பியூசேரியத்துக்கோ மண் 30 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் பயன். அதற்குக் குறைந்த வெப்பத்தில் தவிடு அந்தப் பூஞ்சைக்கே உணவாகி, அது முன்பைவிடப் பெருகிவிடக்கூடும். கேமரன் மலையின் மண்வெப்பத்தை வைத்துப் பார்த்தால், ஆய்வக முடிவு வெர்டிசிலியம் என்று வந்தாலொழிய இந்த முறையைத் தொடாமலிருப்பதே நல்லது. நோய் எதுவென்று தெரியாமல் மருந்து தேடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பயிர்ச்சுழற்சியும் இதே முடிச்சில்தான் வந்து நிற்கிறது. புரோக்கோலியை அறுவடை செய்தபின் அதன் தண்டையும் இலையையும் நறுக்கி மண்ணில் புதைத்தால் வெர்டிசிலியத்தின் உறக்க முடிச்சுகள் கணிசமாகக் குறைகின்றன என்பது கலிபோர்னியாவில் நன்கு நிறுவப்பட்டது. அதற்கு நேர்மாறாக, தக்காளி, கத்தரி, சலாட் கீரை, சாமந்தி ஆகியவை வெர்டிசிலியத்தை வளர்த்துவிடும் பயிர்கள். பூந்தோட்டமாக இருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் முந்தைய பயிர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம். பியூசேரியத்தின் ஸ்ட்ராபெரி வகை வேறு பயிர்களை வாட்டாது. ஆனால் அறிகுறி எதுவும் காட்டாமல் அவற்றின் வேரில் தங்கியிருக்க அதனால் முடியும். மேக்ரோபோமினாவோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களில் குடியிருக்கக் கூடியது. எந்தப் பயிரை மாற்றி எந்தப் பயிரை வைப்பது? சிறு நிலத்தை ஓரிரு ஆண்டு ஸ்ட்ராபெரி இல்லாமல் வைத்திருக்கும் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே சுழற்சி ஒரு வழி. அவர்களுக்கும் அது துணைவழி. சுண்ணாம்பிட்டு மண்ணின் புளிப்பைக் குறைப்பதும் அப்படித்தான்: மண்ணின் கார அமில நிலை 5.2-லிருந்து 6.7-க்கு உயர்ந்தபோது பியூசேரியம் வாடல் தணிந்ததை ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியிருக்கிறது. நம் மலைமண் இயல்பிலேயே புளிப்பு மிக்கது என்பதால் செய்து வைப்பதில் இழப்பில்லை.

எதிர்ப்புத் திறன் உள்ள இரகங்களின் பக்கம் வந்தால் காட்சி தெளிவாகிறது, ஆனால் பியூசேரியத்துக்கு மட்டும். சான் ஆண்ட்ரியாஸ், போர்ட்டோலா, ஃபிரான்டெராஸ் ஆகிய இரகங்களில் எஃப்.டபிள்யூ.1 எனப்படும் ஒற்றை மரபணு இருப்பதால், நோய் மண்ணிலும் அவை நிமிர்ந்து நிற்கின்றன. அதே மண்ணில் ஆல்பியனும் மான்டரேயும் சாய்ந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2023-ல் வெளியிட்ட ஐந்து புதிய இரகங்களும் பியூசேரியத்தைத் தாங்குபவை. பாத்தியை மாற்றாமல், கூரையை மாற்றாமல், நாற்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் செலவில் இதற்கு நிகரான வழி இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பு என்பதால் அதை மீறும் பூஞ்சை இனமும் உலகில் தோன்றிவிட்டது. வெர்டிசிலியத்துக்கும் மேக்ரோபோமினாவுக்கும் இத்தகைய முழுத்தடுப்பு எந்த இரகத்திலும் இல்லை. கொஞ்சம் தாங்கும், கூடத் தாங்கும் என்ற வேறுபாடு மட்டுமே உண்டு. ஆய்வகச் சீட்டில் பியூசேரியம் என்று எழுதியிருந்தால் இரகத்தை முதலில் பாருங்கள். வேறு பெயர் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

மலையில் பலர் ஏற்கெனவே போயிருக்கும் வழி, மண்ணையே விட்டு விலகுவது: மழைக்கூரையின் கீழ், இடுப்பளவு உயரத்து மேடையில், கொக்கோபீட் என்னும் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளிலோ தொட்டிகளிலோ செடியை வைத்து, சொட்டுக்குழாயில் உரநீர் கொடுத்து வளர்ப்பது. மண்வழி நோய்க்கு மண்ணையே எடுத்துவிடுவது என்ற தர்க்கம் எளியது, பெரும்பாலும் சரியானதும்கூட. வேறொரு நன்மையும் இருக்கிறது; அதை நோய்க்கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. பழத்தைத் தாமே பறித்துக்கொள்ளும் தோட்டங்களுக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் காலையில் ஒரு தோட்டம், மதியம் இன்னொரு தோட்டம் என்று அதே சேற்றுக் காலணியோடு ஏறி இறங்குகிறது. தரைப்பாத்தியில் அந்தச் சேறு நேரே செடியின் காலடிக்குப் போகும்; மேடையில் இருந்தால், நடைபாதையில் சரளையும் வாசலில் காலணி தோய்க்கும் கிருமிநாசினித் தட்டும் வைத்துவிட்டு ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் மேடைக்கு மாறியவர்களிலேயே சிலர் இரண்டாம் ஆண்டில் வாடலைப் பார்க்கிறார்கள் என்றால், காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் இந்த மூன்றுதான். முதலாவது, பழைய கொக்கோபீட்டை அப்படியே மறுநடவுக்குப் பயன்படுத்துவது. முந்தைய பயிரின் வேர்த்துண்டுகள் அதற்குள்தான் கிடக்கின்றன. பையை மாற்ற வசதியில்லை என்றால் நீராவியில் 70 பாகைக்குக் குறையாமல் அரைமணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். சிறிய அளவுக்கு ஒரு டிரம்மும் அடுப்பும் போதும் என்பது நீராவி முறையை மண்ணைவிடப் பைக்கு ஏற்றதாக்குகிறது. இரண்டாவது, வடிநீர். ஒரு பையிலிருந்து ஒழுகும் நீர் அதே தகரச் சாலில் ஓடி அடுத்த பையின் அடியை நனைத்துக்கொண்டே போனால், ஒரு செடியின் நோய் வரிசை முழுவதுக்கும் உரியதாகிவிடும். வடிநீரைத் தொட்டியில் சேர்த்து மீண்டும் சுழற்றினால் தோட்டம் முழுவதற்கும். சுத்திகரிப்பு இல்லாத மறுசுழற்சியைக் காட்டிலும், பையைச் சாலுக்கு மேலே இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்து, வடிநீரை வெளியேற்றிவிடுவதே மேல். சரியாகக் கழுவப்படாத கொக்கோபீட்டில் மிஞ்சும் உப்பு மேக்ரோபோமினாவுக்கு அழைப்பு விடுக்கும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது காரணம், என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: நாற்று. ஸ்ட்ராபெரி ஓடுதண்டு விட்டுக் குட்டி போடும் செடி. காசு மிச்சமாகிறதே என்று தன் தோட்டத்துத் தாய்ச்செடியிலிருந்தே நாற்றெடுப்பதும், பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக்கொள்வதும் வழக்கமாக இருக்கிறது. பியூசேரியம் தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டின் வழியாகவே குட்டிக்குப் போகக்கூடியது. குட்டியோ பார்வைக்கு நல்ல பச்சையாக நிற்கும், காய்க்கத் தொடங்கிய பிறகுதான் சாயும். புதுப் பை, புதுக் கொக்கோபீட், புது மேடை எல்லாம் அமைத்துவிட்டு நோயுள்ள நாற்றை நட்டால், அந்தச் செலவு முழுவதும் நோய்க்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். திசு வளர்ப்பில் எடுத்த தாய்ச்செடியையோ சான்றுள்ள நாற்றையோ வாங்கி, தனியான மூடிய இடத்தில், தரையைத் தொடாத தொட்டிகளில் பெருக்கிக்கொள்வதே பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இறக்குமதி அனுமதியும் தொற்றுத்தடைச் சோதனையும் கட்டாயம். பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் நாற்று சட்டத்துக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டங்களுக்கும் செய்யும் துரோகம்.

டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற, நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் நுண்ணுயிர்க் கலவைகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. சுத்தமான வளர்ப்பு ஊடகத்தில், நடவின்போதே வேரில் இட்டால் ஓரளவு உதவும். நோய் ஊறிய மண்ணை அவை மட்டும் மீட்டுவிடும் என்று நம்பி விற்பனையாளர் சொல்லும் அளவுக்கெல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. மேடையும் கூரையும் முதல் ஆண்டில் கண்ணைக் கட்டும் செலவு. மண்ணுக்கு மருந்திடுவது அதைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் கேமரன் மலையில் விளைநிலம் பலவும் நீண்டகால உறுதியில்லாத உரிமத்திலோ குத்தகையிலோ இருப்பதை நினைவில் வையுங்கள். இதைக் காட்டித்தான் பலர் மேடை வேண்டாம், நிலமே நிலையில்லை என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது. நிலம் கைவிட்டுப் போகும் நாளில் இரும்புக் குழாய்களையும் தொட்டிகளையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொள்ளலாம்; மூன்றாண்டு காலம் பாடுபட்டுச் சுத்தமாக்கிய மண்ணை ஏற்றிக்கொள்ள முடியாது. எனவே தலைநகரிலிருந்து முதல் போடும் சிறு தோட்டக்காரருக்கு என் தேர்வு: சான்றுள்ள நாற்று முதலில், அதன்பின் மேடையும் தனித்தனியாக வடியும் பைகளும், முழுத்தோட்டத்தையும் ஒரே ஆண்டில் மாற்றப் பணமில்லை என்றால், வாடல் கண்ட பாத்திகளை மட்டும் முதலில் மேடையாக்கி, மற்ற பாத்திகளில் ஆய்வகம் பியூசேரியம் என்று சொன்னால் எதிர்ப்புள்ள இரகத்தை நடுவது. மேடைகளுக்கு அடியில் கிடக்கும் பழைய மண்ணின் மீது களைத்தடுப்புத் துணியை விரித்து, அதன் தூசியும் சேறும் மேலேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூரிலேயே மாடியில் சில தொட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. 32 பாகை வெயிலில் செடி பூப்பதே அரிது, வாடினால் ஊடகத்தோடு சேர்த்துக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

மேலே சொன்ன தேர்வு மாறும் ஒரு நிலைமை உண்டு. வேரைக் கீறியபோது நடுநரம்பு சிவந்திருந்தாலோ, குறுந்தண்டு மேலிருந்து கீழாகப் பழுப்பேறி அழுகியிருந்தாலோ, ஆய்வகச் சீட்டில் பைட்டோப்தோரா என்று வரக்கூடும். அது பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. தேங்கும் நீரில் நீந்திப் பரவும் வித்துகளைக் கொண்டது. மெட்டாலாக்சில், பாஸ்போனேட் வகை மருந்துகள் அதற்குத்தான் வேலை செய்யும், மேலே சொன்ன மூன்றுக்கும் செய்யாது. அந்த முடிவு வந்தவர்கள் மேடைக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. பாத்தியை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, கால்வாயை ஆழப்படுத்தி, கூரையிலிருந்து வழியும் மழைநீர் பாத்திக்குள் வராமல் குழாயில் இறக்கி, நாற்றை மாற்றி, பதிவு பெற்ற மருந்தைச் சீட்டில் உள்ள அளவுப்படி இட்டு, இன்னும் ஒரு பருவம் அதே மண்ணில் தாராளமாக நடலாம்.